கேஜன் கடலுணவுக் கம்போ: ஓட்டுச் சாறும் பழுப்பு மாவும்

கம்போ என்பது அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் சோற்றோடு உண்ணும் கெட்டியான குழம்பு. கடலுணவுக் கம்போவில் இறாலும் சிப்பியும் பாத்திரத்துக்குள் இருப்பது கடைசிச் சில நிமிடங்கள் மட்டுமே. அதற்கு முன்பு அடுப்படியில் கழியும் நேரத்தின் பெரும்பகுதி இரண்டு வேலைகளுக்குப் போகிறது. ஒன்று, வழக்கமாகக் குப்பைக்குப் போகிற இறால் தலையிலிருந்தும் நண்டு ஓட்டிலிருந்தும் சாறு எடுப்பது. மற்றொன்று, எண்ணெயில் மைதாவைக் கருகவிடாமல் பழுப்பாக வறுப்பது. லூயிசியானாவின் பேட்டன் ரூஜில் குடியிருக்கும் நான், என் வீட்டு அடுப்பில் இதைச் சமைக்கும் முறையை இங்கே எழுதுகிறேன். மீன் குழம்பு வைக்கத் தெரிந்த எவருக்கும் இதில் கடினமான நுட்பம் எதுவும் இல்லை. ஆனால் நம் குழம்பில் மசாலாவும் புளியும் செய்கிற வேலையை இங்கே வறுத்த மாவும் ஓட்டுச் சாறும் செய்கின்றன என்பதை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கம்போவில் இரண்டு பெரிய மரபுகள் உண்டு. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கிரியோல் சமையலில் பல வீடுகளில் தக்காளி சேர்ப்பார்கள். 1755 முதல் கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியிலிருந்து ஆங்கிலேயரால் துரத்தப்பட்டு, பின்னர் தெற்கு லூயிசியானாவின் ஓடைக்கரைகளிலும் புல்வெளிகளிலும் குடியேறிய அக்கேடியரின் வழிவந்தவர்களே கேஜன் மக்கள். அவர்கள் சமையலில் கம்போவுக்குத் தக்காளி கிடையாது. கேஜன் பகுதியான லஃபாயெட் பக்கத்திலிருந்து வந்து எங்கள் எதிர்வீட்டில் வசிக்கும் மூதாட்டி, தக்காளி போட்டது சூப்பாக இருக்கலாம், கம்போவாக இருக்காது என்று உறுதியாகச் சொல்வார். அவர் கட்சிதான் என் கட்சியும். மாவை வறுக்கும் முறை பிரெஞ்சுக்காரருடையது, வெண்டைக்காய் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கருடையது, மேலே தூவும் சசாஃப்ராஸ் இலைப்பொடி சோக்டா முதலான இம்மண்ணின் பூர்வகுடிகளுடையது. இந்த மூன்றையும் ஒரே பாத்திரத்தில் வைத்த பிறகு தக்காளியின் புளிப்புக்கு அங்கே வேலையில்லை.

எட்டுப் பேருக்கு நான் வாங்குவது தலையோடு கூடிய இறால் 1.25 கிலோ, நடுத்தர அளவிலான நீல நண்டு 5 அல்லது 6, உரித்துத் தண்ணீரோடு டப்பாவில் விற்கும் ஆய்ஸ்டர் சிப்பி ஏறத்தாழ 475 மில்லி. இதில் இறால் தலையோடு இருப்பதுதான் முக்கியம். பேரங்காடிகளின் உறைபெட்டியில் கிடைப்பது பெரும்பாலும் தலை நீக்கிய இறக்குமதி இறால். அதில் கணிசமான பங்கு இந்தியாவின் பண்ணைகளிலிருந்து வருகிறது. தின்பதற்கு அதில் குறை சொல்ல எதுவுமில்லை என்றாலும், தலை இல்லாத இறாலில் சாறுக்கு வழியில்லை. மே மாதத்தில் பழுப்பு இறாலும் ஆகஸ்டுக்குப் பிறகு வெள்ளை இறாலும் கரைக்கு வரும் பருவங்களில், சாலையோரம் வண்டியில் ஐஸ்பெட்டிகளை வைத்துக்கொண்டு விற்பவர்களிடம் வாங்குவேன். மற்ற நாட்களில் வியட்நாமியர் கடைகளில் தலையோடு கிடைக்கும். தலை உடலோடு இறுக்கமாகப் பொருந்தியிருக்க வேண்டும். கழுத்துப் பகுதி கறுத்துத் தொளதொளவென்று ஆடினால் அந்த இறாலைத் தவிர்த்துவிட வேண்டும்.

இறாலை உரித்து, முதுகுக் குடலை எடுத்து, சதையைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத் தலைகளையும் ஓடுகளையும் ஒரு பாத்திரத்தில் சேர்க்கிறேன். நண்டுக்கு அடிவயிற்று மடலை நெம்பி, மேலோட்டைப் பெயர்த்து, இரு பக்கமும் இருக்கும் பஞ்சு போன்ற செவுள்களைப் பிய்த்தெறிந்து, உடலை இரண்டாக வெட்டி, கொடுக்குகளைக் கத்தியின் பின்புறத்தால் ஒரு தட்டுத் தட்டி விரிசல் விடச் செய்ய வேண்டும். நம்மூரில் நண்டு ஆய்ந்து பழகியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையே இல்லை. பெயர்த்த மேலோடுகள் சாறுக்குப் போகின்றன. இரண்டாக வெட்டிய நண்டுத் துண்டுகள் பிறகு கம்போவில் நேரடியாக வேகும்.

சாறுக்கு அகலமான பாத்திரத்தில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயைச் சூடாக்கி, இறால் தலைகளையும் ஓடுகளையும் நண்டு மேலோடுகளையும் கொட்டி, நல்ல தீயில் கிளறுகிறேன். சாம்பல் நிறத்தில் இருந்த தலைகள் சில நிமிடங்களில் செம்மஞ்சளாக மாறும். அப்போது மரக்கரண்டியால் தலைகளை ஒவ்வொன்றாக அழுத்தினால் உள்ளே இருக்கும் ஆரஞ்சு நிறக் கொழுப்பு எண்ணெயில் கசிந்து பரவுவதைக் கண்ணால் பார்க்கலாம். வீடு முழுவதும் எழும் இறால் மணத்துக்குக் காரணம் அதுதான். வெறும் தண்ணீரில் ஓடுகளைப் போட்டு வேகவைப்பதற்கும் இப்படி வறுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவதற்கும் சுவையில் பெரிய வேறுபாடு உண்டு. அடியில் லேசாகப் பிடிக்கத் தொடங்கியதும் 3 லிட்டர் தண்ணீர் ஊற்றி, வெங்காயத்தின் நுனிகள், செலரித் தண்டின் இலைப்பகுதி, பத்துப் பன்னிரண்டு மிளகு, ஒரு பே இலை ஆகியவற்றைப் போட்டு, தளதளவென்று கொதிக்கவிடாமல் மெல்லிய தீயில் 45 நிமிடம் வைக்கிறேன். உப்பு இந்தக் கட்டத்தில் வேண்டாம். வடிகட்டும்போது ஓடுகளைச் சல்லடையில் நன்றாக அழுத்திப் பிழிந்தால் இரண்டரை லிட்டர் சாறு தேறும். அதன் நிறம் வெளிறிய செங்கல் நிறமாக இருக்க வேண்டும்.

பே இலை என்பதை நம் பிரிஞ்சி இலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரிஞ்சி இலை இலவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்தது. நீளவாக்கில் மூன்று நரம்புகள் ஓடும், மணத்திலும் பட்டையின் சாயல் இருக்கும். இங்கே வேண்டியது நடுவில் ஒற்றை நரம்பு ஓடும் லாரல் மரத்து இலை. கைவசம் இல்லையென்றால் இலையே போடாமல் சமைப்பது நல்லது. பட்டை மணம் கம்போவுக்குள் நுழைந்துவிட்டால் அது வேறு உணவாகிவிடும்.

சாறு அடங்கிக்கொண்டிருக்கும்போதே மாவு வறுக்கத் தொடங்கலாம். இதற்கு ரூ என்று பெயர். அடிகனமான வார்ப்பிரும்புப் பாத்திரத்தில் ஒரு கப், அதாவது 240 மில்லி எண்ணெயை மிதமான தீயில் சூடாக்கி, ஒரு கப் மைதாவை, ஏறத்தாழ 130 கிராம், சிறிது சிறிதாகத் தூவிக் கட்டியில்லாமல் கலக்க வேண்டும். வெண்ணெய் வேண்டாம், அதிலுள்ள பால் திடப்பொருள் இந்த நீண்ட வறுவலைத் தாங்காமல் கருகிவிடும். பழைய காலத்துக் கேஜன் வீடுகளில் பன்றிக் கொழுப்பைப் பயன்படுத்தினார்கள். நான் மணமில்லாத தாவர எண்ணெயையே வைத்துக்கொள்கிறேன். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் தங்கள் மணத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும் என்பதால் அவையும் ஒத்துவராது. கிளறுவதற்கு முனை தட்டையான மரத்துடுப்புதான் வசதி. பாத்திரத்தின் அடியும் பக்கமும் சேரும் மூலையில்தான் மாவு முதலில் தீயும். வட்டக் கரண்டி அந்த மூலையைத் தொடாது.

இனி ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குத் துடுப்பு கையை விட்டு இறங்கக் கூடாது. தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, காய்கறிகளை முன்கூட்டியே நறுக்கிக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு நிற்பதே நல்லது. முதல் ஐந்து நிமிடம் பச்சை மாவின் வாடை வரும், கலவை நுரைத்துக் கெட்டியாக இருக்கும். பத்து நிமிடம் கடந்ததும் மணல் நிறம் பிடித்து, சோளப்பொரி மணம் எழும். இருபது நிமிடத்தில் நிறம் வேர்க்கடலை வெண்ணெயின் நிறத்துக்கு வந்து, மணம் வறுத்த கடலையின் மணமாக மாறும். கலவையும் இளகி, துடுப்பிலிருந்து தடையில்லாமல் வழியத் தொடங்கும். அதன் பிறகு மாற்றம் வேகமாக நடக்கும் என்பதால் தீயை ஒரு படி குறைத்துவிடுகிறேன். செம்பு நிறமாகி, அதிலிருந்து பால் சாக்லேட் நிறத்துக்குப் போகும் தருவாயில் காப்பிக்கொட்டை வறுபடும் வாசனையின் முதல் கீற்று மூக்கில் படும். கடலுணவுக் கம்போவுக்கு அந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து.

கோழியும் புகையூட்டிய பன்றித் தொத்திறைச்சியான ஆன்டூயும் போட்டுச் செய்யும் கம்போவுக்குக் கருஞ்சாக்லேட் நிறம் வரை கொண்டுபோவார்கள். அந்த இறைச்சியின் காரமும் புகைமணமும் அந்த அளவுக் கசப்பைத் தாங்கும். இறாலும் சிப்பியும் தாங்காது. அவற்றின் இனிப்பும் கடல் வாசனையும் வறுத்த மாவின் கசப்புக்கு அடியில் போய்விடும். இதே காரணத்துக்காக ஆன்டூயையும் இந்தப் பாத்திரத்தில் நான் சேர்ப்பதில்லை. சேர்ப்பவர்கள் உண்டு, நன்றாகவும் இருக்கும். ஆனால் புகைமணம்தான் முன்னால் நிற்கும்.

நிறம் கூடக்கூட மாவின் கெட்டிப்படுத்தும் ஆற்றல் குறையும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகள் சூட்டில் சிறுசிறு துண்டுகளாக உடைவதே இதற்குக் காரணம். வெள்ளைச் சாஸுக்குச் சிறிதளவு மாவே போதும். அதே அளவு மாவைப் பழுப்பாக்கினால் சாறு நீர்த்தே நிற்கும். இரண்டரை லிட்டர் சாறுக்கு ஒரு கப் மாவு என்று எடுத்துக்கொள்வதும், வெண்டைக்காயின் துணையைத் தேடுவதும் இதனால்தான்.

கறுப்புப் புள்ளிகள் தோன்றிவிட்டால் மாவு கருகிவிட்டது என்று பொருள். அதை எதனாலும் மீட்க முடியாது, கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். ஓப்பலூசாஸ் பக்கத்தில் பிறந்து கேஜன் சமையலை நாடெங்கும் அறியச் செய்த பால் புருடோம், எண்ணெயைப் புகையுமளவுக்குக் காயவைத்துச் சில நிமிடங்களிலேயே ரூவை முடிப்பார். அது தேர்ந்த கைக்கு உரிய வழி. கொதிக்கும் ரூ ஒரு துளி தெறித்தாலும் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும் என்பதால் வீட்டு அடுப்பில் அந்த வேகத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழந்தைகள் அடுப்பருகே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நின்று கிளற முடியாதவர்கள் அதே பாத்திரத்தை 175 டிகிரி செல்சியஸ் ஓவனில் வைத்து, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கிளறிக்கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று முன்னோ பின்னோ இதே நிறம் கிடைத்துவிடும். லூயிசியானாக் கடைகளில் ரூ புட்டியிலும் கிடைக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பலரே அதை வாங்கிப் பயன்படுத்துகிறார்கள், அதில் குறையொன்றும் இல்லை.

விரும்பிய நிறம் வந்த கணமே பொடியாக நறுக்கிய வெங்காயத்தைக் கொட்ட வேண்டும். பெரிய வெங்காயம் இரண்டு, செலரித் தண்டு மூன்று, பச்சைக் குடைமிளகாய் ஒன்று: இந்த மூன்றையும் லூயிசியானாவில் புனித மும்மை என்று அழைக்கிறார்கள். வெங்காயத்தின் ஈரம் பட்டதும் ஓங்கி ஆவி எழும், எண்ணெயின் சூடு இறங்கி மாவு மேற்கொண்டு கருகாமல் நின்றுவிடும். ஆவியில் கை படாமல் சற்று விலகி நின்று போட வேண்டும். வெங்காயத்தை முதலில் மட்டும் போட்டு ஐந்து நிமிடம் வதக்கினால் அதன் சர்க்கரையும் பழுப்பேறி ரூ இன்னும் ஒரு சாயல் கறுக்கும். ரூவை முன்னதாகவே நிறுத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு செலரியும் குடைமிளகாயும், அவை துவண்டதும் தட்டிய பூண்டு ஆறு பல்லும் சேரும். பூண்டு மணம் வந்தவுடன் சாற்றை ஒவ்வொரு அகப்பையாக ஊற்றிக் கலக்குகிறேன். முதல் இரண்டு மூன்று அகப்பைக்குக் கலவை களிபோல் இறுகும், பிறகு மெல்ல இளகி ஒன்றாகும். முழுச் சாறும் சேர்ந்ததும் ஒரு முறை நன்றாகக் கொதிக்கவிட்டால் எண்ணெயும் சாறும் பிரிந்து நிற்காமல் கலந்துவிடும்.

வெண்டைக்காயைத் தனியாக வேறு சட்டியில் வதக்கிச் சேர்ப்பதே என் வழக்கம். 450 கிராம் பிஞ்சு வெண்டைக்காயைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, அரை அங்குல வில்லைகளாக நறுக்கி, சிறிது எண்ணெயில் அகலமான சட்டியில் பரப்பி, ஒரு தேக்கரண்டி வினிகர் தெளித்து வதக்க வேண்டும். கரண்டியைத் தூக்கும்போது நூல் நூலாக இழுபடுவது குறைந்து, ஓரங்கள் லேசாகப் பழுப்பேற 20 நிமிடமாவது ஆகும். வெண்டைக்காய்ப் பொரியலில் மோரோ புளித்தண்ணீரோ தெளிக்கும் நம் வீட்டு வழக்கமும் இந்த வினிகரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: புளிப்பு பட்டால் கொழகொழப்பு குறைகிறது. முழுவதும் போய்விடவும் கூடாது. எஞ்சிய கொழகொழப்புதான் கம்போவுக்கு, மாவு மட்டும் தர முடியாத வழவழப்பைத் தருகிறது.

வதக்கிய வெண்டைக்காய், பே இலை இரண்டு, உலர்ந்த தைம் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றோடு கறுப்பு மிளகுத்தூள், வெள்ளை மிளகுத்தூள், கேயென் மிளகாய்த்தூள் மூன்றையும் ஒவ்வொன்றும் அரைத் தேக்கரண்டி வீதம் போட்டு, மெல்லிய தீயில் ஒரு மணி நேரம் கொதிக்கவிடுகிறேன். மூன்று காரமும் வெவ்வேறு விதமாக உறைக்கும் என்பதால் ஒன்றைக் கூட்டி மற்றொன்றை விட்டுவிடக் கூடாது. கடையில் விற்கும் கேஜன் மசாலாக் கலவைகளில் பெரும்பாலும் உப்பே முதலிடத்தில் இருக்கும். அவற்றைப் போடுவதாக இருந்தால் தனி உப்பை நிறுத்திவைக்க வேண்டும். எப்படியும் சிப்பித் தண்ணீரிலும் உப்பு இருப்பதால் இறுதி உப்பைச் சிப்பி போட்ட பிறகுதான் பார்க்கிறேன். கொதிக்கக் கொதிக்க மேலே எண்ணெய் மிதந்து வரும். நம் குழம்பில் அது பக்குவத்தின் அடையாளம், இங்கே அதை அகப்பையால் வழித்து எடுத்துவிட வேண்டும். கறிவேப்பிலை, மஞ்சள், மல்லித்தூள் எதையும் இங்கே நான் சேர்ப்பதில்லை. அவற்றின் மணத்துக்கு ஓட்டுச் சாறு ஈடுகொடுக்காது.

ஒரு மணி நேரம் முடியும் தறுவாயில் நண்டுத் துண்டுகளைப் போட்டு 20 நிமிடம் வேகவைக்கிறேன். அப்போது ஒரு கரண்டி சாற்றை எடுத்துச் சுவைத்தால் மாவின் பச்சை வாடையோ நாவில் மாவுத் துகளோ தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் கொதிக்க வேண்டும். இறாலைப் போட்ட பிறகு அந்த வாய்ப்பு இருக்காது. பதம் வந்துவிட்டது என்று உறுதியான பிறகு சிப்பியை அதன் தண்ணீரோடு ஊற்றி, மீண்டும் கொதி வந்ததும் இறாலைச் சேர்க்கிறேன். சிப்பிச் சதையின் ஓரம் சுருண்டு மடிப்பு மடிப்பாகத் தெரியும்வரை, குறைந்தது மூன்று நிமிடம், கொதியிலேயே இருக்க வேண்டும். கோடைக்காலத்து மெக்சிகோ வளைகுடாச் சிப்பிகளில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா இருக்கக்கூடும். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு அது உயிரையே பறிக்கும் என்பதால் இந்தக் கொதியில் சமரசம் கூடாது. இறாலுக்கும் அந்த நேரமே போதும். லேசாக வளைந்து, கண்ணாடித் தன்மை போய் வெளுத்தவுடன் அடுப்பை அணைத்துவிட வேண்டும். பாத்திரத்தில் எஞ்சியிருக்கும் சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நறுக்கிய வெங்காயத்தாளும் பார்ஸ்லியும் ஒவ்வொரு கைப்பிடி தூவி, மூடிப் பத்து நிமிடம் விட்டுப் பரிமாறலாம்.

சோறு தனியாக வேக வேண்டும். கிண்ணத்தில் முதலில் கம்போ, நடுவில் ஒரு சிறிய குவியல் சோறு என்பதே அளவு. நம் பழக்கத்தில் சோற்றைக் குவித்து மேலே ஊற்றினால் கம்போ காணாமல் போய்விடும். லூயிசியானாவின் தென்மேற்கில் குரோலியைச் சுற்றிய வயல்களில் விளையும் நீள அரிசியோ நடுத்தர அரிசியோ இதற்குப் பொருத்தமானது. பாஸ்மதியின் மணம் இடையூறு செய்யும். சாதாரணப் பொன்னிப் பச்சரிசி குழையாமல் வெந்தால் நன்றாகவே இருக்கிறது.

சசாஃப்ராஸ் மரத்தின் இலையை உலர்த்தி அரைத்த ஃபிலே பொடியை மேசையில் தனிக் குப்பியில் வைத்துவிடுவேன். வெண்டைக்காய் சேர்த்த கம்போவுக்கு இது கட்டாயமில்லை. வெண்டைக்காய் கிடைக்காத குளிர்காலத்தில்தான் கம்போவை இது கெட்டிப்படுத்தியது. ஆனாலும் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை தூவிக் கலந்தால் மண்வாசனை கலந்த ஒரு மணம் வரும், அது எனக்குப் பிடிக்கும். கொதிக்கும் பாத்திரத்தில் மட்டும் இதைப் போடவே கூடாது. கொதி பட்டால் இழை இழையாக நீண்டு முழுக் கம்போவையும் பசையாக்கிவிடும்.

கம்போ மறுநாள்தான் சுவை கூடும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். கோழிக் கம்போவுக்கு அது முழு உண்மை. கடலுணவுக் கம்போவை மறுநாள் சூடாக்கினால் இறால் ரப்பராகிவிடும். ஆகவே விருந்தினர் வருவதாக இருந்தால், நண்டு வெந்த கட்டம் வரை முதல் நாளே செய்து நிறுத்திக்கொள்கிறேன். கனமான பாத்திரத்தில் அப்படியே ஆறவிட்டால் நடுப்பகுதி பல மணி நேரம் சூடாகவே இருந்து கெட்டுப்போகும் என்பதால், தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். மறுநாள் நன்றாகக் கொதிக்கவைத்து, அப்போது சிப்பியையும் இறாலையும் போட்டால் ஊறிய சாறும் கிடைக்கும், பதமான இறாலும் கிடைக்கும். உறைபெட்டியில் வைப்பதானால் கடலுணவும் ஃபிலே பொடியும் சேர்க்காத அடிச்சாற்றை மட்டும் வைக்கலாம். இரண்டு மூன்று மாதம் வரை சுவை குறையாமல் இருக்கும். இறால் வாங்கும் நாளில் எஞ்சும் தலைகளையும் ஓடுகளையும் ஒரு பையில் கட்டி அதன் அருகிலேயே போட்டுவைத்தால், அடுத்த முறை சாறு எடுக்கும்போது உதவும்.